ஆற்றில் இறங்கி மீன் பிடிக்க எந்த பூட்ஸ்?

ஒகேனக்கல் பக்கமோ தென்பெண்ணையிலோ தூண்டில் போடுபவர்கள் முதல் செலவை காலுக்குச் செய்யுங்கள். தூண்டில் அப்புறம்.

காவிரிப் பாறைகளில் பாசி வழவழவென்று படிந்திருக்கும். சாதாரண செருப்பு அங்கே பிடிக்கவே பிடிக்காது. அடியில் ஃபெல்ட் (கம்பளி போல அழுத்திச் செய்த தடித்த துணி) ஒட்டிய பூட்ஸ் பாசிப் பாறையில் நன்றாக நிற்கும். ஆனால் சேற்றுக் கரையில் வழுக்கும், காயவும் நேரமாகும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால், மென்மையான ரப்பர் அடியில் உலோக ஆணி பதித்ததை எடுங்கள். கணுக்காலை மூடி, லேஸ் கட்டுவதாக இருக்கட்டும். ஆற்றுக்கு கம்பூட்ஸ் (முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்) வேண்டவே வேண்டாம். உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் காலைத் தூக்கி வைக்க முடியாது.

மார்பு வரை வரும் வேடர்ஸ், அதாவது தண்ணீர் புகாத கால்சட்டை, நம் வெயிலுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சீக்கிரம் காயும் பேன்ட்டே போதும். மார்கழி விடியலில் நெடுநேரம் தண்ணீரில் நிற்பவர்கள் வாங்கலாம். நியோப்ரீன் என்ற தடித்த ரப்பர் வகை வேண்டாம், வேர்த்துக் கொட்டும். வியர்வை ஆவியாக வெளியேறும் மெல்லிய துணி வகையே சரி. இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தாலும் தண்ணீர் வேகமாக உள்ளே நிறையாது. காலுறையோடு போட்டுப் பார்த்து பூட்ஸ் அளவு எடுங்கள்.

தென்பெண்ணையில் ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்கும்போது எந்த உடையோடும் இறங்காதீர்கள். கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் உபரி நீர் திறந்துவிட்டால் காவிரியிலும் அதேதான்.