பழைய மரக் கோல்ஃப் மட்டையின் பெயரைக் கண்டறிவது எப்படி?

பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் நூறாண்டு பழமையான கோல்ஃப் மட்டைகளில் இன்றுள்ளதுபோல் 1, 3, 5 என்ற எண்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. எண்ணிட்ட மட்டைத் தொகுதிகள் 1920, 1930-களில் பரவும்வரை, ஸ்காட்லாந்துப் பட்டறைகளில் வழங்கிய பெயர்களே எங்கும் புழங்கின. அப்பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, மட்டையின் உறுப்புகளைப் பார்த்தே பெயரைத் தீர்மானிக்கப் பழகுவது நல்லது.

முதலில், தலைப்பகுதி மரமா இரும்பா என்று பாருங்கள். மாஷி, நிப்லிக் போன்ற இரும்புத்தலை மட்டைகளுக்கும் அக்காலத்தில் ஹிக்கரி மரத் தண்டுதான் என்பதால், தண்டை மட்டும் பார்த்து அவற்றை மர மட்டைகளோடு சேர்த்துவிடக் கூடாது.

அடுத்து, பந்தை அடிக்க நிற்கும் நிலையில் மட்டையின் அடிப்பாகத்தை மேசைமீது படியவைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, தலையின் நுனிப்பக்கத்திலிருந்து, பந்தில் படும் முகத்தின் சாய்வை நோக்குங்கள். முகம் ஏறக்குறைய செங்குத்தாகவும் தண்டு நீளமாகவும் இருந்தால், அது முதல் அடிக்குரிய டிரைவர். இன்னும் பழைய பெயர் பிளே கிளப். சாய்வு கூடி, தண்டு சற்றுக் குறுகினால் அது ஸ்பூன். மிகப் பழைய ஸ்பூன்களின் முகம் லேசாகக் குழிந்திருக்கும். அவற்றிலேயே நெட்டை, நடுத்தரம், குட்டை என வகைகள் உண்டு. மிகுந்த சாய்வும் குறுகிய தண்டும் கொண்டு, பந்தை உயரத் தூக்கி அருகிலேயே இறக்குவது பாஃபி.

இவற்றுக்கு இடையே நிற்பது பிராஸி. கரடுமுரடான தரையிலும் பாதையிலும் கிடக்கும் பந்தை அடிக்கும்போது மரம் சிதையாதிருக்க, இதன் அடியில் பித்தளைத் தகட்டைத் திருகாணிகளால் பொருத்தினார்கள். தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் தடுமாறுவது இங்கேதான்: பின்னாளில் டிரைவர், ஸ்பூன் ஆகியவற்றுக்கும் தகடு வந்துவிட்டதால், தகடு இருப்பதாலேயே பிராஸி என்று முடிவு கட்டாமல், சாய்வு டிரைவருக்கும் ஸ்பூனுக்கும் இடைப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பிராஸியை இரண்டாம் எண்ணுக்கும் ஸ்பூனை மூன்றாம் எண்ணுக்கும் ஈடாக்கும் அட்டவணைகள் தோராயமானவை; பட்டறைக்குப் பட்டறை அளவு மாறியது.

பிறகு கழுத்தைக் கவனியுங்கள். தலையையும் தண்டையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பசையிட்டு, நீளமாக நூல் சுற்றியிருந்தால் அது பழைய ஒட்டுமுறை. தலையில் துளையிட்டுத் தண்டைச் செருகும் முறை 1890-களில் பரவியது. அதில் நூல்சுற்று குட்டையாக இருக்கும். நீண்டு மெலிந்த தலை, முதுகில் ஊற்றிய ஈயம், முகத்தின் கீழ்விளிம்பில் மர ஆணிகளால் பதித்த ஆட்டுக்கொம்புப் பட்டை ஆகியவை ஒட்டுமுறையோடு சேர்ந்து வந்தால், மட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டினதாக இருக்க வாய்ப்பு மிகுதி. மாறாக, தண்டு எஃகாக இருந்தால் காலம் வெகுவாகப் பிந்தியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இருந்து கோல்ஃப் விதிகளை வகுத்த ஆர் அண்ட் ஏ அமைப்பு 1929-இல்தான் எஃகுத் தண்டை அனுமதித்தது.

கடைசியாக, தலையின் மேற்புறத்தில் செய்தவரின் முத்திரையைத் தேடுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் பணிசெய்த ஹியூ பிலிப் (1782–1856) போன்றோரின் முத்திரைக்கு மதிப்பு அதிகம் என்றாலும், முத்திரை ஒன்றை மட்டுமே சான்றாகக் கொள்ளாமல் கழுத்தும் கொம்புப் பட்டையும் அக்காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அழுக்கை உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மங்கலான எழுத்து மரத்தூளோடு போய்விடும்.