நானி வைத்தால் நீங்களும் முதலாளிதான்: அமெரிக்காவில் தவிர்க்க வேண்டிய வரித் தவறுகள்

நியூ ஜெர்சியோ டெக்சாஸோ, கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் நம்மவர் வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆண்ட்டி (நானி) வருவது சாதாரணம். வாட்ஸ்அப் குழுவில் நம்பர் வாங்கி, மணிக்கு இவ்வளவு என்று பேசி, வெள்ளிக்கிழமை ஜெல் (Zelle) ஆப்பில் பணம் அனுப்பிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிறோம். பலருக்கு இதில் வரி என்று ஒன்று இருப்பதே, அந்த ஆண்ட்டி வேலையை விட்டு நின்று வேலையிழப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, மாநில அரசிடமிருந்து கடிதம் வரும்போதுதான் தெரிகிறது.

எல்லாத் தவறுகளுக்கும் மூலம் ஒன்றுதான்: "அவங்க கான்ட்ராக்டர், 1099 கொடுத்துடலாம்." (1099 என்பது சுயதொழில் செய்கிறவருக்குக் கொடுக்கும் வருமானப் படிவம்.) அப்படிக் கொடுக்க முடியாது. என்ன வேலை, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்றுதான் மத்திய வரித் துறையான ஐஆர்எஸ் பார்க்கும். எட்டு மணிக்கு வாங்க, பத்து மணிக்குப் பால், பன்னிரண்டுக்குப் பருப்பு சாதம், டிவி வேண்டாம், தூங்கி எழுந்ததும் பார்க்குக்குக் கூட்டிப்போங்க என்று நீங்கள் சொல்கிறீர்கள் என்றால் அவர் உங்கள் ஊழியர். பகுதி நேரம், மணிக்கணக்குச் சம்பளம் என்பதெல்லாம் இதை மாற்றாது, இரண்டு பேரும் மனமொத்து 'கான்ட்ராக்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் மாறாது. தன் மிஷினைத் தானே கொண்டுவந்து, தனக்குத் தோதான நாளில் பத்து வீட்டுப் புல்லை வெட்டிவிட்டுப் போகிறவர் சுயதொழில் செய்கிறவர். குழந்தையை அந்த ஆண்ட்டி தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார், நீங்கள் கொண்டுபோய் விடுகிறீர்கள் என்றால் பொதுவாக அவரும் உங்கள் ஊழியர் இல்லை. ஒரு கம்பெனியே ஆளை அனுப்பி, வேலையையும் அதுவே மேற்பார்த்தால் பொறுப்பு அந்தக் கம்பெனியுடையது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1099 என்று எழுதிவிட்டால் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியில் நீங்கள் கட்ட வேண்டிய பாதியும் சேர்ந்து 15.3 சதவீதம் முழுக்க அவர் தலையில் விழும். மணிக்கு இருபது டாலர் வாங்குகிறவரிடம் இப்படிச் செய்வது அநியாயம்.

அடுத்தது, "சின்னத் தொகைதானே" என்று விட்டுவிடுவது. 2025இல் ஒரு ஊழியருக்கு வருடத்தில் 2,800 டாலர் அல்லது அதற்கு மேல் கொடுத்திருந்தால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி உண்டு (2024இல் இது 2,700, வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும்). வாரம் இருபது மணி நேரம், மணிக்கு 20 டாலர் என்றால் வாரத்துக்கு 400, ஏழாவது வாரமே எல்லை வந்துவிடுகிறது. எல்லைக்கு மேலே போன தொகைக்கு மட்டும்தான் வரி என்று நினைக்காதீர்கள், முதல் டாலரிலிருந்தே உண்டு. ஐம்பது வாரத்துக்கு 20,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 7.65 சதவீதம், அதாவது 1,530 டாலர், அவர் பங்கும் அதேதான். அவர் பங்கைச் சம்பளத்திலிருந்து பிடிக்க மறந்தால் அதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். இது போக, ஏதாவது ஒரு காலாண்டில் எல்லா வீட்டு ஊழியர்களுக்கும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறையாமல் கொடுத்திருந்தால் மத்திய வேலையிழப்பு வரியும் உண்டு. அது ஒவ்வொருவரின் முதல் 7,000 டாலருக்கு மட்டும்தான், மாநில வேலையிழப்பு வரியை ஒழுங்காகக் கட்டியிருந்தால் பெரும்பாலும் 42 டாலரோடு முடிந்துவிடும். மாநிலங்களின் வரம்புத் தொகை வேறு. கலிபோர்னியாவில் காலாண்டுக்கு 750 டாலரிலேயே பதிவு செய்ய வேண்டிவரும்.

ஜெல்லோ செக்கோ ரொக்கமோ, சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். ஃபெடரல் வருமான வரியைப் பிடிப்பது மட்டும் கட்டாயம் இல்லை, இருவரும் ஒத்துக்கொண்டால் பிடிக்கலாம்.

விலக்குகளும் உண்டு. மாலையில் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஹைஸ்கூல் பெண், 18 வயதுக்குள் என்றால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கிடையாது. கணவன் மனைவிக்கும், 21 வயதுக்குட்பட்ட உங்கள் பிள்ளைக்கும் இல்லை.

விசா விஷயத்தில் மட்டும் கவனக்குறைவு வேண்டவே வேண்டாம். எச்-4இல் (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருந்து, இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாதவரையோ, விசிட்டர் விசாவில் வந்திருக்கும் யாரோ ஒருவரின் அம்மாவையோ சம்பளத்துக்கு வைக்கக் கூடாது, பின்னால் அவர்களின் கிரீன் கார்டுக்கே அது வினையாகலாம். தொடர்ந்து வேலைக்கு வருகிறவர் என்றால் சேர்ந்த மூன்று வேலை நாட்களுக்குள் வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தை முடித்து நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாரச் சம்பளம் பேசிவிட்டோம், எத்தனை மணி நேரமானாலும் அதேதான் என்பதும் தவறு. வீட்டோடு தங்காத ஊழியருக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம்.

"இவ்வளவு செலவா?" என்று மலைப்பவர்கள் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ (குழந்தைப் பராமரிப்புக்குச் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) இருந்தால் 2025இல் 5,000 டாலர் வரை வரியில்லாமல் ஒதுக்க முடிந்தது, ஆனால் வரி ரிட்டர்னில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவரின் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். நீங்கள் 24 சதவீத வரி வரம்பில் இருந்து, உங்கள் சம்பளம் சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிக்கும் உச்ச வரம்புக்குள் இருந்தால் சுமார் 1,580 டாலர் மிச்சம், மேலே சொன்ன உங்கள் பங்கு அதிலேயே கிட்டத்தட்ட அடங்கிவிடும். ஆண்ட்டிக்கு இது இன்னும் பெரிய விஷயம். கிரீன் கார்டில் ஐம்பது வயதில் வந்தவர் 65இல் மெடிகேர் ஏ பகுதியை (மருத்துவமனைக் காப்பீடு) கட்டணமில்லாமல் பெறவும், ஓய்வூதியம் வாங்கவும் 40 கிரெடிட் (வரி கட்டிய சம்பளத்துக்குச் சேரும் புள்ளி) வேண்டும், வருடத்துக்கு நான்குதான் சேரும். 2025இல் அந்த நான்குக்கும் 7,240 டாலர் சம்பளம் கணக்கில் ஏறினால் போதுமாக இருந்தது. ரொக்கமாக வாங்கிக் கணக்கில் வராமலே பத்து வருடம் உழைத்தவருக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. "கேஷாவே கொடுங்க" என்று அவரே கேட்டாலும் இதை உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள்.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஐஆர்எஸ் தளத்தில் முதலாளிக்கான இஐஎன் எண் வாங்கி, மாநிலத்தில் பதிவு செய்து, ஜனவரி 31க்குள் அவருக்கு டபிள்யூ-2 (வருடச் சம்பளப் படிவம்) கொடுத்து, ஏப்ரலில் உங்கள் வருமான வரிப் படிவமான 1040உடன் வீட்டு ஊழியர் வரிக்கான ஷெட்யூல் ஹெச்சை இணைக்க வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கட்டினால் அபராதம் வரலாம் என்பதால் உங்கள் அலுவலகச் சம்பளத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லிவிடுங்கள். போன வருடங்களை விட்டுவிட்டீர்கள் என்றால் வீட்டு ஊழியர் வரி தெரிந்த ஒரு சிபிஏவை (உரிமம் பெற்ற கணக்காளர்) பாருங்கள், கடிதம் வருவதற்கு முன்பே.