ஆட்டுக்குக் குடற்புழு நீக்க மருந்து: முதலில் எடை, பிறகு மருந்து

வெள்ளாடு வளர்ப்போர் பலர் குடற்புழு மருந்தை பாட்டில் மூடியால் அளந்து, குட்டிக்கு அரை மூடி, பெரிய ஆட்டுக்கு ஒரு மூடி என்று ஊற்றிவிடுகிறார்கள். அளவு குறைந்தால் புழுக்களில் வலுவானவை தப்பிப் பெருகி, அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகும். ஆகவே தராசில் சாக்குத் தொட்டில் கட்டியாவது ஆட்டை நிறுத்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்று எழுதியிருந்தால், 20 கிலோ ஆட்டுக்கு 200 மில்லிகிராம் தேவை, 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் இருப்பதால், 8 மில்லி கொடுக்க வேண்டும். செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் போதாது. வெள்ளாட்டின் உடல் மருந்தை விரைவாக வெளியேற்றிவிடும்.

எல்லா ஆட்டுக்கும் மருந்து தேவையா என்பதைக் கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்தே ஓரளவு அறியலாம். நான்காம் வயிற்றில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழு மிகுந்தால், சிவந்திருக்க வேண்டிய உள்ளிமை வெளிறிப்போகும்; தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்குவதும் உண்டு. ஆனால் தட்டைப்புழு போன்ற பிற காரணங்களாலும் இமை வெளிறும் என்பதால், புதுப் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, புழு முட்டை இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதே உறுதியான வழி.

கொடுக்கும்போது தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. தாடை தரைக்கு இணையாக இருக்க, பல் இல்லாத கடைவாய் ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து, நாக்கின் மேல் மெதுவாக விட வேண்டும். ஆடு விழுங்குவதைப் பார்த்த பிறகே மீதியை விடலாம். இருமினால் உடனே தலையைத் தாழவிட வேண்டும், ஏனெனில் மூச்சுக்குழலில் இறங்கிய மருந்து நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் கருவுக்கு ஊனம் நேரலாம், தவிர்க்கவும். பால், இறைச்சி விற்போர் மருந்துக்குப் பின் எத்தனை நாள் விற்பனையை நிறுத்த வேண்டும் என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் புழுக்கையைச் சோதித்து, முட்டைகள் பெரிதும் குறையவில்லை என்றால், மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அல்பெண்டசோலுக்குப் பதில் ஃபென்பெண்டசோல் வாங்குவது மாற்றம் ஆகாது. இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை.