.44-ஐத் தூக்குவதற்கு முன்னால்

டெக்சாஸில் வேலை பார்க்கும் அக்கா மகன் விடுமுறைக்குத் திருநகர் வந்திருந்தான். "நீங்க கிளப்புல சுடுறதெல்லாம் ஒரு துப்பாக்கியா மாமா? நான் அங்க .44 மேக்னம் சுடுறேன்" என்றான். .44 மேக்னம் என்றால் பலமாக உதைக்கும் பெரிய ரிவால்வர். நான் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்காரன். சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் அவன் சுட்ட அட்டையின் படத்தைக் காட்டினான். வலது கைக்காரன், ஆனால் ஓட்டையெல்லாம் இடது பக்கம் கீழே.

வெடிப்பதற்கு முன்பே கை பயந்துவிடுகிறது. உதைக்கப் போகிறது என்று, விசையை இழுக்கும்போதே மணிக்கட்டு குழலைக் கீழே அழுத்திவிடும். பெரிய ரிவால்வரிலேயே பழகத் தொடங்கினால் இந்தப் பயம் ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. ரிவால்வரை வேறொருவரிடம் கொடுத்து, சுழலும் சிலிண்டரின் ஆறு தோட்டா அறைகளில் இரண்டில் மட்டும் போலித் தோட்டா போட்டுத் தரச் சொல்லுங்கள். வெடிக்காத முறை குழல் முனை குனிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மேக்னம் ரிவால்வரிலேயே .44 ஸ்பெஷல் என்ற வலுக் குறைந்த தோட்டா போட்டுப் பழகலாம், உதைப்பு நன்றாகக் குறையும். ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னம் தோட்டா மட்டும் கூடவே கூடாது.

கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடிப்பது இன்னொரு தவறு. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சூடான வாயு பீறிடும், விரல் கிழியும்.

செலவு குறையும் என்று தோட்டாவும் அவனே நிரப்புகிறானாம், டிவி பார்த்துக்கொண்டே! இங்கேதான் அவனை நிறுத்தி உட்காரவைத்தேன். சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் வளர்ந்தவன் மருந்தோடு விளையாடலாமா? மேக்னம் தோட்டாவில் மருந்து நிரப்பும் கூடு பெரிது, வேகமாக எரியும் மருந்து கொஞ்சம்தான் தேவை. தவறி இரண்டு தடவை கொட்டினாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். மேசையில் ஒரு மருந்து டப்பாவுக்கு மேல் இருக்கக் கூடாது.

மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். மருந்தைப் பற்றவைக்கக் கூட்டின் அடியில் இருக்கும் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலில் பாதி வழி தள்ளிவிடும். 'டமார்' வரவேண்டிய இடத்தில் 'புஸ்' என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஆட்டோமேடிக் பிஸ்டலாக இருந்தால் பெரும்பாலும் அடுத்த தோட்டா தானாக ஏறாது. ரிவால்வர் அப்படியில்லை, விசையை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். குழல் வெடிப்பது அந்த இரண்டாவது சூட்டில்தான். சத்தமே வரவில்லையென்றால், முனையை அட்டையை விட்டுத் திருப்பாமல் அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

அங்கே பழகியதை இங்கே செய்ய முடியாது. நம்மூரில் உரிமம் எடுத்தவர் கையில் பெரும்பாலும் .32 ரிவால்வர்தான் இருக்கும். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். பையின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாகூட விமான நிலையத்தில் வழக்காகிவிடும்.

இதைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து திண்ணையில் கவிழ்த்து உதறினான். நல்லவேளை, தோட்டா எதுவும் இல்லை. காதடைப்பான் இரண்டு விழுந்தன, உறைகூடப் பிரிக்காமல்.