டீயும் ரஸ்க்கும் கணக்கில் சேராது: ராமநாதபுரம் கரையோரப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், ஏர்வாடி என்று எந்தக் கரை ஊரில் விசாரித்தாலும், "பிள்ளை சாப்பிட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் போச்சு" என்பார்கள். என்ன சாப்பிட்டது என்று கேட்டால் டீயும் ரஸ்க்கும், இல்லையென்றால் பன்னும். இதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதுதான் முதல் தவறு, இருப்பதிலேயே பெரிய தவறும்கூட.

இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு அடுத்த முழுச் சாப்பாடு மதியம் பன்னிரண்டரைக்கு என்றால், இடையில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. பெரியவர்கள் தாங்குவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் மூளை, உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் பாதிக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அது ஐந்தில் ஒரு பங்குதான். ராத்திரி முழுக்க ஈரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு கரைந்துகொண்டே வரும். சின்ன உடம்பில் அந்தச் சேமிப்பும் சின்னதே.

ஜமைக்காவில் நடந்து 1989-இல் வெளியான ஓர் ஆய்வு நம் ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காலைச் சாப்பாடும், இன்னொரு நாள் வெறும் தேநீரும் கொடுத்துச் சோதித்தார்கள். வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும், முன்பு கடுமையான ஊட்டக்குறைவில் இருந்த பிள்ளைகளும் தேநீர் நாளில் சில சோதனைகளில் பின்தங்கினார்கள். நல்ல ஊட்டத்தோடு இருந்த பிள்ளைகளிடம் அந்தச் சரிவு இல்லை. கணக்கில் ஒரு படி மேலேயே எடுத்தார்கள். ஆகவே ஒரு நாள் தவறிப்போனதற்காகப் பதற வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த பிள்ளை தினமும் டீயோடு போவதுதான் கவலை. டீயில் இன்னொரு தொல்லையும் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். பிள்ளைக்கு டீ வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

கரையில் ஏன் இப்படி ஆகிறது என்றால், வீட்டின் காலை கடலின் நேரத்தில் ஓடுகிறது, பள்ளிக்கூடம் மணியின் நேரத்தில் ஓடுகிறது. படகு கரை சேரும் நேரம் அம்மா ஏலத்துக்குப் போயாக வேண்டும். கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் இட்லி அவி, தோசை ஊற்று என்று அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை.

அதற்கான விடை பானையிலேயே இருக்கிறது: பழைய சோறு. அதைச் சொல்லக் கூசி, பாக்கெட் நூடுல்ஸையும் டப்பா மாவையும் வாங்குவது அடுத்த தவறு. பழையது அமுதம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளை நம்ப வேண்டியதில்லை, அது சோறுதான். ஆனால் வயிற்றில் நிற்கும், அடுப்பு மூட்ட வேண்டாம், மூத்த பிள்ளையே தம்பிக்குப் போட்டுக் கொடுத்துவிடும். நீராகாரத்தை மட்டும் குடிக்கக் கொடுத்து அனுப்பக் கூடாது, சோறும் உள்ளே போக வேண்டும். தொட்டுக்கொள்ள முந்தின நாள் சூடைமீன் குழம்போ அவித்த முட்டையோ இருந்தால் புரதமும் கிடைத்துவிடும். குழம்பை இரவு ஒரு முறையும் காலையில் ஒரு முறையும் நன்றாகக் கொதிக்கவைப்பது முக்கியம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இதில் அலட்சியம் ஆகாது. கேப்பைக் கூழும் இதே வேலையைச் செய்யும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. அங்கே நடக்கும் தவறு தாமதம். வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள். மணி அடிக்கும்போது ஓடிவரும் பிள்ளைக்கு வீட்டிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை. "எங்க பிள்ளை அங்க சாப்பிடாது" என்று கௌரவம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆறாம் வகுப்புக்குத் தூரத்துப் பள்ளியில் சேர்ந்து, பஸ் பிடிக்க முன்னதாகவே கிளம்பும் வயதில் காலைச் சாப்பாடு கைவிட்டுப் போகிறது. ஜூனில் புது நோட்டு வாங்கும்போதே இதற்கும் வழி பார்த்து வைக்க வேண்டும். அந்த ஜூன் மாதமே கரையில் கை வறண்ட காலம்: விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்றில் கடலுக்குப் போக முடியாத நாட்களை ஒட்டித்தான் அரையாண்டுத் தேர்வு வருகிறது. கையில் காசு குறைந்தால் வீட்டில் முதலில் நிற்பது முட்டையும் பயறும். வேறு செலவைக் குறைக்க இடமிருந்தால் அங்கே குறையுங்கள்.

உப்பையும் கவனியுங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளம் இருக்கிறது. மலிவாகக் கல்லுப்பு கிடைக்கும். கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்பது தப்பான எண்ணம், இருப்பது மிகச் சொற்பம். அயோடின் குறைந்தால் பிள்ளையின் புத்தி வளர்ச்சியே பாதிக்கும். அயோடின் சேர்த்த உப்பா என்று பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்.

காலையில் பசியே இல்லை என்கிற பிள்ளையை அதட்டி ஊட்டிப் பயனில்லை. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு, செல்போன் பார்த்துத் தூங்கி, வேன் வரும் நேரத்தில் எழுந்தால் எப்படிப் பசிக்கும்? இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் கொண்டுவந்தால் சில நாட்களில் காலைப் பசி தானாகத் தலைகாட்டும்.

கடைசியாக, காலைச் சாப்பாடு போட்டும் மார்க் ஏறவில்லை என்று ஒரே மாதத்தில் விட்டுவிடாதீர்கள். ஜமைக்கா கிராமப் பள்ளிகளில் ஓராண்டு காலை உணவு கொடுத்துப் பார்த்து 1998-இல் வெளிவந்த ஆய்வில், பிள்ளைகள் பள்ளிக்கு வருவது கூடியது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். அவ்வளவுதான். சாப்பிட்டும் சோர்ந்தே கிடக்கும் பிள்ளைக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கலாம்: பார்வைக் குறை, குடற்புழு, ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளலாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் குடற்புழு மாத்திரை தருவார்கள். அன்றைக்குப் பிள்ளை லீவு என்றால், விடுபட்டவர்களுக்கு எந்த நாளில் தருகிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.