மனக்காயத்துக்குப் புத்தகம் படிக்கிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

உறவுகளைப் பற்றிய சுயமுன்னேற்றப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நம்மில் பலர் அதில் அடுத்தவரைத்தான் தேடுகிறோம். "இது அப்படியே எங்க மாமியார்", "இந்தப் பக்கம் அவருக்காகவே எழுதினது" என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போகிறோம். புத்தகம் முடிவதற்குள் கணவருக்கு ஒரு பட்டம், அம்மாவுக்கு ஒரு பட்டம், மேலதிகாரிக்கு ஒரு பட்டம் கொடுத்தாகிவிடும். இந்த வகைப் புத்தகங்களால் வரும் கெடுதலில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இப்போது எல்லார் வாயிலும் இருக்கிற 'நார்சிசிஸ்ட்' (தன்னையே பெரிதாக நினைத்து அடுத்தவர் உணர்வைக் கண்டுகொள்ளாதவர்) என்ற பட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அந்த ஆளுமைக் கோளாறு இருக்கிறதா என்று சொல்ல, மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ அவரை நேரில் பார்த்துப் பேச வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு பட்டியலும் நம் கோபமும் மட்டுமே. சண்டை நடுவில் "நீங்க ஒரு நார்சிசிஸ்ட்" என்றால் எதிரில் இருப்பவர் மறுப்பார், கத்துவார், எழுந்து போவார். "நேத்து உங்க அண்ணன் முன்னாடி என் சமையலைக் கிண்டல் பண்ணீங்க, எனக்கு ரொம்ப வலிச்சுது" என்று சொன்னால் பேச்சு நடந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது. அதற்கு அவர் விளக்கம் சொல்லலாம், மன்னிப்பும் கேட்கலாம்.

சிறுவயதில் வளர்த்தவரோடு ஏற்படும் பிணைப்பு பின்னாளைய உறவுகளிலும் தெரியும் என்கிற பற்றுக் கோட்பாட்டுக்கும் இதே கதிதான். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி தொடங்கிவைத்த அந்த ஆய்வை உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளும் தாய்மாரும் பிரிந்து மீண்டும் சேரும் தருணங்களைக் கவனித்து வளர்த்தார். பெரியவர்களின் காதலுக்கு அதைப் பொருத்திப் பார்த்த ஹேசன், ஷேவர் இருவரின் கட்டுரை 1987இல் வந்தது. அதற்குப் பிறகான ஆய்வாளர்கள் பெரும்பாலும் விட்டுப்போய்விடுவாரோ என்ற பதற்றம் எவ்வளவு, நெருக்கத்திலிருந்து விலகல் எவ்வளவு என்று அளவாகத்தான் பார்க்கிறார்கள். ஒரே ஆள் தோழியிடம் நிம்மதியாகவும் கணவரிடம் பதற்றமாகவும் இருக்கலாம். அப்படியிருக்க, "நான் ஆங்சியஸ் (பதறும்) டைப், அவர் அவாய்டன்ட் (விலகும்) டைப், அதான் ஒத்துவரலை" என்று பத்துக் கேள்வி வினாடிவினாவை நம்பி ஒரு திருமணத்துக்கே தீர்ப்பு எழுதுவது கொடுமை.

அடுத்தது, பயிற்சிகளைத் தாண்டிப் போவது. "பேனாவை எடுங்கள்" என்று வரும் பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று புரட்டிவிடுகிறோம். படிக்கும்போது கண் கலங்குவதே ஆறிவிட்டதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறோம். எழுதுகிற பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவியும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் மனதை உலுக்கிய சம்பவத்தைப் பற்றித் தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்தது. ஆனால் சம்பவத்தோடு அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பிந்தைய மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆகவே, முதல் நாள் அழுகை வந்தால் இது எனக்குச் சரிப்படாது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பழைய காட்சிகள் கட்டுக்கடங்காமல் திரும்பத் திரும்ப வந்து ஆளையே உலுக்கினால் மட்டும் நிறுத்திவிட்டு, சிகிச்சையாளரிடம் போங்கள். நோட்டை ஒளித்துவைக்க இடமில்லாத வீடுதான் நம்மில் பலருக்கு. எழுதியதைக் கிழித்துப் போட்டாலும் ஒன்றும் குறையாது.

கண்ணாடி முன் நின்று "நான் அன்புக்கு உரியவள்" என்று சொல்லச் சொல்லும் புத்தகங்களும் நிறைய. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் உட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களுக்கு இப்படிச் சொல்வது மனநிலையை இன்னும் தாழ்த்தியது. நம்ப முடியாத வாக்கியத்தைச் சொல்லும்போது உள்ளே இருந்து மறுப்புத்தான் கிளம்புகிறது. "இன்னைக்கு அம்மாகிட்ட கத்தாம பேசி முடிச்சேன்" என்பது சின்ன வாக்கியம், ஆனால் உண்மை. அதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நச்சு உறவுகளை வெட்டிவிடு என்கிற அறிவுரையை எழுதியவர்களில் பலர், வயது வந்த பிள்ளைகள் தனியே போய்விடும் சமூகத்தில் இருந்து எழுதுகிறார்கள். ஒரே அடுப்பு, சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடன், தங்கையின் கல்யாணம் என்று பின்னிக் கிடக்கும் குடும்பத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நாம் என்ன செய்வோம் என்பதை மட்டும் வரையறுத்துக்கொள்ளலாம். "ராத்திரி சாப்பாட்டு நேரத்துல சொத்துப் பேச்சு எடுத்தா நான் எழுந்து போயிடுவேன்" என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டு, எடுத்தால் உண்மையிலேயே எழுந்து போக வேண்டும். எல்லாச் சண்டையும் ஒருநாள் தீர்ந்துவிடும் என்றும் காத்திருக்க வேண்டாம். தம்பதியரை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், அவர்களுக்குள் வரும் பிணக்குகளில் சுமார் 69 சதவீதம் தீராமலே தொடர்பவை என்கிறார். நன்றாக வாழ்பவர்களுக்கும் அவை உண்டு.

அடி, மிரட்டல் இருக்கிற வீட்டின் நிலைமை வேறு. மனம் திறந்து பேசுங்கள் என்னும் பயிற்சிகள் இருவரும் பயமில்லாமல் பேச முடியும் என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. பயம் இருக்கிற இடத்தில் அவற்றைச் செய்துபார்ப்பது ஆபத்து. இந்தியாவில் பெண்களுக்கு 181 உதவி எண்ணும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. அதேபோல, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ புத்தகத்தை மூடிவிட்டு 14416ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, தனியாகவே படிப்பது. மனச்சோர்வுக்கான சுயஉதவிப் புத்தகங்களைப் பரிசோதித்த ஆய்வுகளில், இடையிடையே ஒருவர் கூப்பிட்டு விசாரித்தவர்களுக்குப் பொதுவாகக் கூடுதல் பலன் கிடைத்திருக்கிறது. நம்பிக்கையான ஒருவரிடம் வாரம் ஒருமுறை பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். என்ன படித்தோம் என்ற கதை வேண்டாம். அந்த வாரம் எதைச் செய்துபார்த்தோம், யாரிடம் என்ன சொன்னோம், அவர் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் பேசினால் போதும்.