ஓடிக்கொண்டே இருக்காத மோட்டார்ஹோம் ஜெனரேட்டர்: பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

மோட்டார்ஹோமில் (வீட்டு வசதிகளோடு கூடிய வண்டி) ஸ்டார்ட்டே ஆகாத ஜெனரேட்டரைவிட, ஸ்டார்ட் ஆகி நின்றுபோவதில் பழுதைப் பிடிப்பது சுலபம். எவ்வளவு நேரம் ஓடி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் டேங்க்கைப் பாருங்கள். பல வண்டிகளில் ஜெனரேட்டருக்குப் போகும் குழாய் டேங்கின் அடிவரை இறங்காது. பெட்ரோல் கால் டேங்க் அளவுக்குக் குறைந்தாலே ஜெனரேட்டர் நின்றுவிடும். வண்டி ஓடுவதற்கு மிச்சம் வைக்கும் ஏற்பாடு இது. அடுத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். ஓனான் (Onan) கம்பெனியின் பெட்ரோல் மாடல்களில் சுவிட்ச் விளக்கு மூன்று முறை மின்னினால், ஸ்டாப் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். பழுது எண் மின்னும். 36 என்று வந்தால் முதலில் பெட்ரோல் வரும் வழியைச் சந்தேகியுங்கள்.

ஸ்டார்ட் சுவிட்சிலிருந்து கையை எடுத்தவுடன் நிற்கிறதா? மின்சாரம் உற்பத்தியாகிறது என்ற சிக்னல் கன்ட்ரோல் போர்டுக்குப் போகவில்லை. பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு) உள்ள மாடல் என்றால் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது நெடுநாள் சும்மா நின்றதில், பிரஷ் உரசும் உலோக வளையமான ஸ்லிப் ரிங் கறுத்திருக்கும். ஆயில் பிரஷர் சுவிட்ச் கெட்டிருந்தாலும் சில மாடல்களில் இதே கதைதான். அதை பைபாஸ் செய்து ஓட்டாதீர்கள். ஆயில் உண்மையிலேயே இல்லையென்றால் எஞ்சினே போய்விடும்.

ஏறி இறங்கித் திணறி நின்றால், பெரும்பாலும் கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வரும் நுண்துளை) பழைய பெட்ரோலின் பிசின் அடைத்திருக்கும். சோக்கை (கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) கொஞ்சம் மூடிப் பாருங்கள். ஓட்டம் சீரானால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். உடனே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம். எஞ்சின் ஆறியபின், திறந்தவெளியில், அக்கம்பக்கம் நெருப்பில்லாமல், கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, தகுந்த கேனில் விட்டு பம்ப்பை இயக்குங்கள். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்தால் பில்டர் அல்லது பம்ப். குமிழி குமிழியாக வந்தால் டேங்க் பக்கத்து ஹோஸ் எங்கோ வெடித்துக் காற்றை இழுக்கிறது. வெளியே ஒழுகாது என்பதால் இதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பெட்ரோல் தாராளமாக வந்தால் மட்டுமே கார்புரேட்டரில் கை வையுங்கள். ஜெட்டை கிளீனரும் காற்றும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

இருபது, முப்பது நிமிடம் ஓடி நின்று, ஆறியபின் மறுபடி ஓடுகிறதென்றால் அது சூட்டுப் பிரச்சினை. நின்ற கையோடு ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பொறி இல்லாவிட்டால் இக்னிஷன் காயில். பொறி இருந்தால் குளிர்காற்று நுழையும் வழி அடைத்திருக்கிறதா, பெட்ரோல் குழாய் சைலன்சர் அருகே போகிறதா என்று பாருங்கள். ஆறியபின் டேங்க் மூடியைத் தளர்த்தியும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் இப்படி நிற்கும்.

ஏசி போட்டால் மட்டும் நின்றால் ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், பிறகு கவர்னர் (எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் பாகம்) என்று வரிசையாகப் பாருங்கள்.

சோதனை எதுவானாலும் மூடிய கொட்டகைக்குள் ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பழுது தீர்ந்தபின் மாதம் ஒருமுறை, பாதி லோடில், இரண்டு மணி நேரம் ஓட்டிவையுங்கள்.